ஆதாருக்குப் பூட்டுகள் நாலு, சாவி ஒன்று

ஆதார் நம்பரைக் கொடுத்த இடங்களை எண்ணச் சொன்னால் யாராலும் முடியாது. சிம் கடை, கேஸ் ஏஜென்சி, லாட்ஜ், பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை என்று 12 இலக்கமும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நம்பரை இனி ரகசியமாக்க வழியில்லை. அந்த நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதைக் குறைக்கலாம். அதற்காக ஆதார் ஆணையம் தரும் வசதிகள் எல்லாமே இலவசம். பாதிப் பேருக்குத் தெரியாது. எது உருப்படி, எது தலைவலி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் மறைக்கப்பட்ட ஆதார். ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஆதார் பிடிஎஃப் இறக்கும்போது ‘மாஸ்க்டு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் கிடைக்கும். அதன் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த வருடமும். பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம், அதனால் கடவுச்சொல்லைப் பெரிய காவலாக நினைக்க வேண்டாம். லாட்ஜுக்கும் வாடகை வீட்டுக்கும் இந்த நகல் தாராளமாகப் போதும். ‘முழு நம்பர் வேணும் சார்’ என்று அடம்பிடிக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அது வசதியின் குற்றமில்லை.

அடுத்தது விஐடி, 2018இல் வந்தது. ஆதாருக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்கத் தற்காலிக எண். புதிதாக ஒன்று எடுத்தால் பழையது செத்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜிவிஐடி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஆதாரின் கடைசி 4 இலக்கத்தைச் சேர்த்து 1947க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வந்துவிடும். பதிவான மொபைலிலிருந்து அனுப்ப வேண்டும். யோசனை அருமை. ஆனால் கவுன்டரில் நீட்டினால் ‘இது என்ன நம்பர்?’ என்ற கேள்விதான் பெரும்பாலும் வருகிறது.

காசைக் காப்பாற்றுவது மூன்றாவது பூட்டு: பயோமெட்ரிக் லாக். ஊர்க் கடையில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறைக்கு ஆதார் நம்பர், வங்கியின் பெயர், ரேகை, இந்த மூன்றும் போதும். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. தெலங்கானா, கர்நாடகம், ஹரியானா போலீஸ் விசாரித்த வழக்குகளில், பத்திரப்பதிவு ஆவண நகல்களிலிருந்த ரேகையை எடுத்துப் போலி விரல் அச்சு செய்திருந்தார்கள். நிலம் வாங்கியவர், விற்றவர் எல்லாருடைய ரேகையும் ஆதார் நம்பரும் ஒரே தாளில் இருந்தால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? 2023இல் ஆணையம், ரேகையின் புள்ளிகளோடு விரலின் படத்தையும் ஒப்பிட்டு உயிருள்ள விரலா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்லதுதான். இருந்தாலும் பூட்டிய ரேகைதான் நிம்மதி.

போடுவது சுலபம். மைஆதாரில் ஓடிபி கொடுத்து நுழைந்து, ‘லாக்/அன்லாக் பயோமெட்ரிக்ஸ்’ பகுதிக்குப் போய், நிபந்தனையை டிக் செய்து உறுதிப்படுத்தினால் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு யார் விரல் வைத்தாலும் 330 என்ற பிழை எண்தான் வரும்.

யாரென்றால் நீங்களும்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரேஷன் கடையில் ரேகை, புது சிம்முக்கு ரேகை, பென்ஷன்காரர்களுக்கு ஆயுள் சான்று என்று எங்கு போனாலும் முதலில் திறக்க வேண்டும். தற்காலிகத் திறப்பு 10 நிமிடம். பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். வீட்டிலேயே திறந்துவிட்டுக் கிளம்பினால் ரேஷன் வரிசையில் நிற்கும்போதே நேரம் முடிந்துவிடும். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திறப்பதே கணக்கு. ரேகை தேயாமல் இருந்தும் இயந்திரம் ஏற்க மறுத்தால், கடைக்காரர் விரலைத் துடைக்கச் சொல்லுமுன் பூட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதியோர் உதவித்தொகையை மாதாமாதம் விரல் வைத்தே எடுக்கும் ஆயாவுக்கு இந்தப் பூட்டு சரிவராது. ஸ்மார்ட்போன் இல்லை, ஓடிபி பார்க்கப் பேரன் வர வேண்டும். அவர்கள் அந்தக் கணக்கில் உதவித்தொகையை மட்டும் விட்டுவிட்டு, சேமிப்பை ஆதார் இணைக்காத வேறு கணக்கில் வைப்பது உத்தமம்.

நாலாவது, ஆதார் நம்பரையே பூட்டுவது. பூட்டும் முன் விஐடி எடுத்திருக்க வேண்டும், திறக்கவும் கடைசியாக எடுத்த விஐடிதான் கேட்கும். பூட்டியபின் 12 இலக்கத்தை வைத்து எந்தச் சரிபார்ப்பும் நடக்காது, விஐடியால் மட்டுமே நடக்கும். விஐடியைப் பார்த்து முழிக்கும் கவுன்டர்களை நினைத்தால், பெரும்பாலானோர் இதைப் போடாமலிருப்பதே மேல். ஆதார் நகலோடு பர்ஸைத் தொலைத்தவர் சில வாரங்களுக்குப் போட்டு வைக்கலாம்.

இத்தனை பூட்டுக்கும் சாவி ஒன்றேதான்: ஆதாரில் பதிவான மொபைல். அந்த சிம் திருடுபோனால் பூட்டுகள் அத்தனையும் திருடன் கையில். இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான். கொஞ்சம் அடைக்கலாம். சிம்முக்கே பின் நம்பர் போடுங்கள். போன் திருடுபோய் சிம்மை வேறு போனில் மாற்றினாலும் பின் கேட்கும். 3 முறை தவறினால் பக் எண் (சிம் நிறுவனம் தரும் திறப்பு எண்) கேட்கும், அதையும் 10 முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும். எனவே பக் எண்ணை முன்பே வாங்கி எழுதி வையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் என்று பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே ‘என்னுடையதல்ல’ என்று புகார் தரலாம். போனில் திடீரென சிக்னல் போய் வெகுநேரம் திரும்பாவிட்டால், டவர் பிரச்சினை என்று உட்காராமல் வேறு போனிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ நகல் சிம் வாங்கியிருக்கலாம்.

மொபைலைச் சாராத ஒரே காவல் இமெயில். ஆதாரில் இமெயில் பதிந்திருந்தால் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் கடிதம் வரும். அந்த இமெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் போனிலேயே குறியீடு உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வையுங்கள். இல்லையென்றால் அதுவும் அதே சிம்மில் போய்த் தொங்கும்.

கடைசியாக, யாரும் மதிக்காத ‘ஆத்தென்டிகேஷன் ஹிஸ்டரி’, அதாவது உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று மைஆதாரில் இருக்கும் பட்டியல். 6 மாதப் பதிவுகள், ஒரு தடவைக்கு 50 வரை. தேதி, நேரம், ரேகையா ஓடிபியா, கேட்ட நிறுவனம், வெற்றியா தோல்வியா, எல்லாம் இருக்கும். ரேகை பூட்டிய நிலையில், நீங்கள் எங்குமே விரல் வைக்காத நாளில் 330 தெரிந்தால், உங்கள் விரலை யாரோ முயன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாதம் ஒருமுறை, ரேஷன் வாங்கிய கையோடு பார்த்துவிடலாம்.

பணமே போயிருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள், அன்றே வங்கியில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தவறு உங்களுடையதாக இல்லாமல் வெளியாள் செய்த மோசடியாக இருந்து, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. அந்த விதியை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.