2,880 வெள்ளி போச்சு! துய்னா (சீன மசாஜ்) பேக்கேஜ் எடுக்கப்போறவங்க படிச்சிட்டுப் போங்க

2,880 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர். ஒரே தடவையா நெட்ஸ் கார்டுல இழுத்துக் கட்டின காசு. இன்னிக்கு அந்தக் கவுன்டர்ல நின்னு கத்திட்டு வந்த சூட்டோட எழுதறேன்.

கடை பேர் சொல்லமாட்டேன், வக்கீல் கடிதம் வேற வந்து தொலைக்கும். சிங்கப்பூர்ல மாடி மாடியா சீன மசாஜ் கடைங்க இருக்குமே, அதுல ஒண்ணு. வாசல்ல பாதம் வரைஞ்ச பலகை, உள்ள தைல வாடை. லாரி ஓட்டி வலது தோள்பட்டை இறுகிப்போச்சு, அதான் போனேன்.

முதல் நாள் செஞ்சவர் வயசான மாஸ்டர். எங்க வலின்னு கேக்கவே இல்ல. கழுத்துலேர்ந்து பெருவிரலால தடவிக்கிட்டே வந்து, தோள்பட்டை எலும்போட ஓரத்துல நிறுத்தி ஒரு அழுத்து. உயிர் போய் வந்துச்சு. இங்கதானேன்னு கண்ணாலயே கேட்டார். அப்புறம் புறங்கையை அதே இடத்துல உருட்டி உருட்டி எடுத்தார். துய்னாவுல அது ஒரு தனி வித்தை, சப்பாத்திக் கட்டை உருள்ற மாதிரி இருக்கும். எழுந்தா கை காதுக்கு மேல போகுது! அந்த மனுஷன் கையைக் குறை சொல்லவே மாட்டேன்.

அங்கதான் மடக்கினாங்க. முதுகுல கப்பு, அதான் தோலை உறிஞ்சிப் பிடிக்கிற கிண்ணம், வச்சுக் கழட்டினதும், கவுன்டர் அம்மா போன்ல படம் எடுத்துக் காட்டுது. வட்ட வட்டமா கருநீலம். "அங்கிள், இவ்வளவு கறுப்புன்னா உடம்பு பூரா நஞ்சு. 20 தடவை செஞ்சாத்தான் போகும். மாஸ்டரே செய்வார்." கட்டிட்டேன், 2,880.

எங்க கிளினிக் டாக்டர் அப்புறம் சொல்றார், அது நஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல, உறிஞ்சுற வேகத்துல தோலுக்கடியில சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சு கசியற ரத்தம். அழுத்தி இழுத்து ரொம்ப நேரம் வச்சா யாருக்கும் கறுக்கும், தானா மறைஞ்சிடும்னு.

அடுத்த தடவை போனா மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாராம். ஒரு பையன் வந்தான். ஒரு கையில போன், இன்னொரு முழங்கையால என் முதுகு. எண்ணெய் தடவித் தோலைச் சுரண்டித் தேய்ப்பாங்களே, அந்தக் குவா ஷான்னு சொல்லி எண்ணெய் சரியாத் தடவாம சுரண்டி தோலையே உரிச்சுட்டான். கேட்டா "நஞ்சு வெளிய வருது." அதுக்கப்புறம் புக்கிங் இல்ல, முதலாளி இல்ல, சிஸ்டம் சரியில்ல. மாஸ்டர் திரும்பி வந்துட்டாராம், ஆனா அவர் வேணும்னா ஒவ்வொரு தடவையும் 30 வெள்ளி கூடவாம்! காசைத் திருப்பிக் குடுன்னா ரசீதோட பின்பக்கத்தைக் காட்டறாங்க, பொடி எழுத்துல முழுக்கச் சீனம். இன்னிக்குக் கடைசியா ஒரு தைல பாட்டிலை நீட்டி "சமாதானமாப் போங்க அங்கிள்"னாங்க. 2,880 வெள்ளிக்கு ஒரு தைல பாட்டில்.

விவரமா ஆலோசனை எழுதலாம்னுதான் உக்காந்தேன், பொறுமை இல்ல. ஒவ்வொரு தடவைக்கும் அன்னன்னிக்கே காசு குடுங்க. பேக்கேஜ்தான்னா பயனீட்டாளர் சங்கத்தோட கேஸ்டிரஸ்ட் சான்று உள்ள கடையாப் பாருங்க, யோசிச்சு ரத்து பண்ண 5 நாள் அவகாசம் உண்டு. "டாக்டர்"னு சொன்னா சீன மருத்துவர் வாரியத்தோட பதிவேட்டுல பேரைத் தேடுங்க. சும்மா மசாஜ் பண்றவங்க அதுல வரமாட்டாங்க. ரத்தம் இளக மாத்திரை சாப்பிடறவங்க கப்பு, குவா ஷா பக்கமே போகாதீங்க. ஏமாந்தவங்க பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்க, இல்லன்னா சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரைக்கும், 2 வருஷத்துக்குள்ள, வக்கீல் வேண்டாம். நான் அந்தப் படிவத்தைத்தான் இப்ப நிரப்பிக்கிட்டிருக்கேன்.