புயல் சரக்கு: கடலூர் கடைத்தெருவில் எதை வாங்கலாம், எதை விடலாம்

'தாழ்வு மண்டலம்' என்று செய்தியில் வந்த மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் முதலில் தீர்வது பிரெட், மெழுகுவத்தி, நூடுல்ஸ். கூடவே துவரம்பருப்பு இரண்டு கிலோ, அரிசி ஒரு சிப்பம். அரிசியை விட்டுவிட்டால், புயலுக்குப் பிந்தைய மூன்று நாளைக்கு இந்தப் பையில் உருப்படியாக உதவுவது மெழுகுவத்தி மட்டும்தான்.

இந்த ஊரில் புயல் வந்தால் முதலில் போவது கரண்ட். பின்னாலேயே மோட்டார் நிற்கும், டேங்க் வற்றும், கிரைண்டர் சும்மா கிடக்கும், ஃபிரிட்ஜில் இருந்த இட்லி மாவு பொங்கி வழியும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்த பிறகு பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் ஓய்ந்து மழை விட்ட பிறகுதான் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரையோரத்துக்குள் புகுந்தது. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு பொருளையும் விலை, ருசியை வைத்துப் பார்க்கவில்லை. வயிற்றுக்குள் போவதற்கு முன் அது எவ்வளவு தண்ணீரும் எத்தனை நிமிட நெருப்பும் கேட்கிறது என்பதுதான் கணக்கு. அளவுகள் நான்கு பேருக்கு, மூன்று நாளைக்கு.

முதல் இடம் அவலுக்கு. நெருப்பே வேண்டாம். மெல்லிசு அவலைத் தண்ணீரில் அலசி வடித்தாலே போதும்; ஊற வைத்தால் களியாகிவிடும். கெட்டி அவல் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வேண்டும், ஆனால் பசி தாங்கும். ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் என்று கொண்டால், தினம் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். சிவப்பு அவலில் தவிடு இருப்பதால் அதன் எண்ணெய்ப்பசை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். உடனே சாப்பிட நல்லது, இருப்புக்கு வெள்ளையே மேல். சாக்கு மூட்டையைப் பிரித்து வைத்து விற்கும் கடையில் வாங்குவதானால் புரட்டாசிக்குள் வாங்கிவிட வேண்டும். ஐப்பசியில் மூட்டை ஈரம் இழுத்திருக்கும். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் மொறுமொறுவென உடைய வேண்டும்; வளைந்தால் வேண்டாம். அடியில் மாவுத்தூள் நிறைய இருந்தாலும், இரண்டு மூன்று அவல் நூலாம்படைபோல ஒட்டிக்கொண்டிருந்தாலும் பூச்சி வந்தாயிற்று என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் வெறும் வாணலியில் சிறு தீயில் சூடேற்றி, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்த ஈரத்திலேயே பூசணம் பிடிக்கும்.

அரிசி மூன்று கிலோ போதும். ஆனால் வடித்த சோறு இந்த நாட்களுக்கு ஆகாது. கஞ்சியோடு பாதித் தண்ணீர் வெளியே போய்விடும். குக்கரில் ஒரு பங்கு புழுங்கலரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்து, அரிசியை முன்னதாக ஒரு மணி நேரம் ஊறவிட்டால் கேஸும் மிச்சம். ஊறிய தண்ணீரிலேயே வேக வைக்கலாம், கொட்ட வேண்டியதில்லை. நொய் கிடைத்தால் அரைக் கிலோ வாங்கி வையுங்கள். உடம்பு சரியில்லாதவருக்குச் சட்டென்று கஞ்சி ஆகும். ரவை வாங்கினால் வறுத்து வைத்துவிட வேண்டும். பத்து நிமிடத்தில் உப்புமா.

துவரம்பருப்பு குக்கரில்லாமல் லேசில் மசியாது, பழைய பருப்பு என்றால் குக்கரிலும் அடம் பிடிக்கும். பாசிப்பருப்பு சாதாரணப் பாத்திரத்திலேயே இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அரிசி வேகும் குக்கரிலேயே மேல்கிண்ணத்தில் வைத்தால் தனி நெருப்பே தேவையில்லை. முக்கால் கிலோ. துவரையின் மேல் பாசம் உள்ளவர்கள் அதைப் பொங்கலுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தொட்டுக்கொள்ள, பிசைந்துகொள்ள என்று பார்த்தால் புளிக்காய்ச்சலுக்கு இணை கிடையாது. கடைப் பாட்டிலில் வாங்குவதானால் மேலே நல்லெண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண்ணெய் மூடியிருக்கும் வரை கெடாது, ஈரக் கரண்டி போட்டால் இரண்டே நாள். பொட்டுக்கடலைப் பொடி அடுத்தது. கடலை ஏற்கனவே வறுபட்டது என்பதால் உப்பு, மிளகாய், பூண்டு சேர்த்து அரைத்து வைத்தால் முடிந்தது, ஆனால் கரண்ட் இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும். வெல்லம் இந்தக் கடற்கரைக் காற்றில் கசியும். கண்ணாடி ஜாடியோ எவர்சில்வர் சம்படமோ இல்லாவிட்டால் சர்க்கரையே மேல்.

பாக்கெட் பாலை ஃபிரிட்ஜ் இல்லாமல் நம்ப முடியாது. அட்டைப் பெட்டியில் வரும் பால் பிரிக்காத வரை வெளியிலேயே மாதக்கணக்கில் இருக்கும்; பிரித்துவிட்டால் அன்றே தீர்க்க வேண்டும். அதனால் ஒரு லிட்டர் பெட்டி வேண்டாம், 200 மில்லி பெட்டிகள் வாங்குங்கள். பால்பவுடர் 125 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பால் கிடைக்கும், அரைக் கிலோ பாக்கெட் போதுமானது. கடைக்காரர் பால்பவுடர் என்று எடுத்துக் கொடுப்பது பல நேரம் சர்க்கரை கலந்த டீ ஒயிட்னர். பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்கவும். கைக்குழந்தைக்கு இது இரண்டுமே ஆகாது, டாக்டர் சொன்ன மாவைத்தான் தனியாக இருப்பு வைக்க வேண்டும்.

கருவாட்டைப் பற்றிச் சொல்லாமல் கடலூரில் சரக்குக் கணக்கு முடியுமா? காராமணிக்குப்பம் சந்தையில் அத்தனை வகையும் கிடைக்கும், ஆனால் இந்தக் காரியத்துக்கு நெத்திலி ஒன்றுதான் தேறும். பெரிய உப்புக் கருவாட்டை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் அலச வேண்டும். குடிக்கவே எண்ணி ஊற்றும் நாளில் அது கட்டுப்படியாகாது. நெத்திலியைத் தலை கிள்ளி, ஒரு அலசு அலசி, ஐந்து நிமிடத்தில் வறுத்துவிடலாம். கோடை வெயிலில் காய்ந்த சரக்காக இருக்க வேண்டும். ஐப்பசியில் வாங்கினால் பாதி ஈரமாக இருக்கும்.

பிரெட் மழை ஈரத்தில் மூன்றாம் நாள் பச்சை பூத்துவிடும். நூடுல்ஸுக்கு நெருப்பும் தண்ணீரும் வேண்டும், சாப்பிட்ட பிறகு உப்பு மேலும் தண்ணீர் கேட்கும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் மூன்று. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றால் 48 லிட்டர் ஆகிறது, மிச்சம் 12 லிட்டர் கைக்காவல். மூடியின் சீல் முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். குளோரின் மாத்திரையை மருந்துக்கடையில் கேளுங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அட்டையில் போட்டிருப்பதுதான் கணக்கு. கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, துணியில் வடிகட்டித் தெளிய வைத்த பிறகே போட வேண்டும். போட்டதும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இனி அடுப்பு. இண்டக்‌ஷனை மறந்துவிடலாம், வீட்டு இன்வெர்ட்டர் அதன் பளுவைத் தாங்காது. இரண்டாவது சிலிண்டர் இல்லாதவர்களுக்கு அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர்தான் சரி. சிக்கனமாகச் சமைத்தால் பத்து நாளைக்குக் குறையாமல் வரும். உங்கள் ரெகுலேட்டர் அதில் உட்காருகிறதா என்று வாங்கும் இடத்திலேயே மாட்டிப் பாருங்கள்.

இப்போது எல்லாரும் வாங்குவது பெட்டி போன்ற பியூட்டேன் அடுப்பு. பொருள் நல்லதுதான், கையாளத் தெரிந்தால். சுமார் 220 கிராம் கேன் ஒன்று முழுத் தீயில் ஒன்றரை மணி நேரம் எரியும். நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு ஒரு கேன், கைக்காவலுக்கு ஒன்று, ஆக நான்கு. கேனின் கழுத்து விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அது மேல் பார்த்து, அடுப்பிலுள்ள நாக்கில் பொருந்த வேண்டும். திருப்பிப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே பர்னருக்கு வந்து தீ குபீரென்று எழும். இதைவிட ஆபத்து பாத்திரத்தின் அளவு. தோசைக்கல்லோ பெரிய குண்டானோ வைத்தால் அதன் ஓரம் கேன் அறைக்கு மேல் நீண்டு, அடியில் உள்ள கேன் சூடேறி அழுத்தம் கூடும். நல்ல அடுப்பில் அழுத்தம் ஏறினால் கேனைத் தானாகக் கழற்றிவிடும் பூட்டு உண்டு. மலிவான அடுப்பில் அதை நம்ப முடியாது. கேன் அறையை மறைக்காத சிறு குக்கர்தான் இதற்கு ஏற்றது. காற்றுக்குப் பயந்து ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு இதை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. சமைத்து முடித்ததும் கேனைக் கழற்றி வையுங்கள். பற்றவைக்கும் பொறி உப்புக்காற்றில் சில மாதத்தில் செத்துவிடும், தீப்பெட்டி இரண்டை பாலித்தீன் பையில் கட்டிப் பக்கத்திலேயே வைத்திருக்கவும்.

தெருவில் வெள்ளம் ஏறும் பகுதியென்றால் பெரிய சிலிண்டரையும் கவனிக்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33 லிட்டருக்கு மேல். வாயுவும் இரும்புமாக எடை 30 கிலோவை ஒட்டித்தான் வரும். நிறைந்த சிலிண்டரே மிதக்கும் என்பதால், ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் நிமிர்த்திக் கட்டிவிடுங்கள். மளிகை பரணில் இருக்கட்டும். சாக்கோடு தரையில் கிடக்கும் அரிசி ஒரு சாண் தண்ணீருக்கே வீணாகிவிடும்.