ஸ்பீட்ரன் எத்தீரியம்: இரண்டு மாதம் படித்த அனுபவம்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. மூன்று வருடம் முன்பு ஒரு பயிற்சி மையத்தில் 40,000 ரூபாய் கட்டி பிளாக்செயின் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேடு) படித்தேன். ஆறு வாரமும் ஸ்லைடுதான் ஓடியது. சான்றிதழ் வந்தது, ஒரு கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் புரோகிராம்) எழுத மட்டும் வரவில்லை.

அந்த வேதனை ஆறாமல்தான், எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்கு கான்ட்ராக்ட் எழுதக் கற்றுத்தரும் ஸ்பீட்ரன் எத்தீரியம் என்ற இணையப் பயிற்சியில் சேர்ந்தேன். எத்தீரியம் டெவலப்பர் ஆஸ்டின் கிரிஃபித்தின் பில்ட்கில்ட் குழு நடத்துவது, கட்டணம் இல்லை. பாடம் என்பதே சவால்தான். பாதி எழுதிய கோடு தருவார்கள், மீதி நம் பொறுப்பு. ஒரு டெர்மினலில் லோக்கல் செயின் (நம் கணினியிலேயே ஓடும் சோதனைச் செயின்), இன்னொன்றில் டிப்ளாய் (கான்ட்ராக்ட்டைச் செயினில் ஏற்றுவது), மூன்றாவதில் வெப்சைட் என்று முதல் நாளே கை பழகிவிடும்.

என்னை உலுக்கியது பகடை சவால். அதில் விழப்போகும் எண்ணை, செயினில் அதற்கு முன் சேர்ந்த பிளாக்கின் (பதிவுத் தொகுப்பின்) ஹாஷை, அதாவது அதன் அடையாள எண்ணை வைத்து கான்ட்ராக்ட் கணக்கிடுகிறது. பார்த்தால் குருட்டு அதிர்ஷ்டம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஹாஷ் ஊருக்கே தெரிந்தது. அதே கணக்கை என் கான்ட்ராக்ட்டுக்குள் முதலில் போட்டுப் பார்த்து, ஜெயிக்கிற எண் என்றால் மட்டும் பகடையை உருட்டும்படி எழுதினேன். இரவு ஒரு மணிக்கு அது ஓடியது. அப்புறம் தோற்கவே இல்லை! செயினில் ரேண்டம் எண் எடுப்பது ஏன் ஆபத்து என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

குறையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் தெரியாதவர் திணறுவார். செபோலியா என்ற டெஸ்ட்நெட்டில் (சோதனைச் செயினில்) செலவழிக்க டெஸ்ட் ஈத்தர் தரும் ஃபாசெட் என்ற தளங்களில் சில, நிஜச் செயினான மெயின்நெட்டில் கொஞ்சம் நிஜ ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) வைத்திருந்தால்தான் கொடுக்கும். கல்லூரிப் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் டோக்கன் (வாக்குரிமை தரும் டிஜிட்டல் நாணயம்) வைத்திருக்கும் ஒரு கிரிப்டோ குழுவில் நடக்கும் வாக்கெடுப்பு. பொதுக் கஜானாவிலிருந்து வெளியார் ஒருவரின் டெவலப்பர் பயிற்சிக்குப் பணம் தரலாமா என்பது கேள்வி. தரலாம் என்பதே என் கருத்து. புதிதாக எழுத ஆள் வராவிட்டால் எந்த செயினும் காய்ந்துபோகும். ஆனால் எதைப் பார்த்துத் தருகிறோம்? எத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆப்டிமிசம் என்ற செயின் இதில் ஒரு நல்ல வழி காட்டியது: வேலை முதலில், பயன் தெரிந்த பிறகு பணம். 2023-இல் இப்படிப் பணம் தந்த இரண்டாம் சுற்றில் 195 பேருக்கும் திட்டங்களுக்குமாக, தன் நாணயமான ஓபி டோக்கனில் 1 கோடி பிரித்துக் கொடுத்தார்கள். கல்விக்குத் தனிப் பிரிவே இருந்தது. கையில் காசில்லாத ஆசிரியர் அதுவரை தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்பதால், கால் பங்கை முன்பணமாகத் தரலாம் என்பேன்.

மீதியை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணித் தரக்கூடாது. ஸ்பீட்ரனில் சவாலை முடித்தால், டெஸ்ட்நெட்டில் ஏற்றிய கான்ட்ராக்ட்டின் முகவரியைச் சமர்ப்பிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எக்ஸ்ப்ளோரரில் (செயினில் உள்ளதைக் காட்டும் தளத்தில்) அந்தக் கோடைத் திறந்து படிக்கலாம். எனக்குக் கிடைத்த சான்றிதழை அப்படித் திறந்து பார்க்க வழியில்லை.

நிதி கேட்பவருக்கு நேற்று எழுதியிருக்கிறேன்: போன பேட்ச் மாணவர்கள் ஏற்றிய கான்ட்ராக்ட்களில் 20 முகவரி அனுப்புங்கள் என்று. சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் வாக்குப் போடுவேன்.