ஊர்த் திட்டத்துக்கு யோசனை கேட்பது எங்கே: கிராம சபையிலா, தெருவிலா?

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது மக்களிடம் கேட்க மூன்று வழி உண்டு. கிராம சபை, வீட்டுக்கு வீடு கேள்வித்தாள், தெருவில் உட்கார்ந்து போடும் ஊர் வரைபடம். மூன்றில் எது நல்லது என்பதைவிட, எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பல ஊர்கள் சறுக்குகின்றன.

கிராம சபையின் பலம் சட்டம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 4 சபை என்றிருந்தது, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து 6 ஆனது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கோரம் (சபை செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) உண்டு. 10,000-க்கு மேல் என்றால் 300 பேர். ஆனால் அத்தனை பேர் கூடும் பந்தலில் மைக் ஒன்றுதான். வரவு செலவு, பயனாளிகள் பட்டியல் எல்லாம் வாசித்து முடிக்கவே மதியம் ஆகிவிடும். அதற்குப் பிறகு 'பத்து வருஷத்தில் நம்ம ஊர் எப்படி இருக்கணும்?' என்று கேட்டால், உரக்கப் பேசும் நாலு பேர் தங்கள் தெரு சாலையைச் சொல்வார்கள். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, வார்டு அளவில் கூடும் சபையையும் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேச வைத்தார்கள். நம் சபை ஊராட்சி முழுவதற்கும் ஒன்று என்பதால் இங்கே அந்தத் தேவை இன்னும் அதிகம்.

கேள்வித்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வீட்டில் குழாய் இணைப்பு, எத்தனை முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்ற கணக்குக்கு அதை விட்டால் வழியில்லை. கனவைக் கேட்க உதவாது. 'என்ன வேண்டும்?' என்ற கட்டத்தில் எல்லாரும் 'ரோடு, தண்ணி' என்றே எழுதுவார்கள்.

வரைபடம்தான் உழைப்பு கேட்கும் வேலை. 20 அடிக்கு 20 அடி மண்தரை, மூன்று நிறக் கோலமாவு, செங்கல் துண்டு, வேப்பிலை, ஒரு படி புளியங்கொட்டை போதும். குடியிருப்புக்கு 15 முதல் 20 பேர், மாலை நாலு மணிக்கு மேல், மூன்று மணி நேரம். பெண்களுக்குத் தனியாக ஒரு படம் போட வேண்டும். ஒரே படத்தில் சேர்த்து உட்கார வைத்தால் ஆண்கள் வரைவார்கள், பெண்கள் பார்ப்பார்கள்.

முதல் கோட்டை யார் போடுகிறார் என்று கவனியுங்கள். பேருந்து நிறுத்தத்தில் தொடங்குபவர் கோயில், பள்ளி, கடைத்தெரு என்று வளர்த்துக்கொண்டே போவார். காலனிக்கு வரும்போது தரை தீர்ந்திருக்கும். நாற்பது வீடுகள் ஓரத்தில் ஒரு கைப்பிடி மாவாக ஒடுங்கிவிடும். அதைத் தவிர்க்க ஊராட்சியின் நான்கு எல்லைகளையும் முதலில் குறித்துவிட வேண்டும். கோலமாவுப் பொட்டலத்தை வாத்தியாரிடமோ படித்த பையனிடமோ கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் அது அவர் படம்.

இன்றைய ஊர் முடிந்ததும், அதன் மேலேயே வேறு நிறத்தில் பத்து வருஷம் கழித்து வேண்டிய ஊரைப் போடச் சொல்லுங்கள். 'ஏரிக்கரையில் மரம்' என்பவர் எந்தக் கரையில் என்று இலையை வைத்துக் காட்டியாக வேண்டும். அங்கே பட்டா நிலம் இருந்தால் சண்டை அப்போதே வந்துவிடும். வரட்டும், சபையில் வருவதைவிட அது நல்லது. பிறகு ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு கிண்ணம் வைத்து, ஆளுக்கு 10 புளியங்கொட்டை கொடுத்து வாக்கு. கிண்ணத்தைத் திறந்து வைத்தால் தலைவர் போட்ட இடத்திலேயே எல்லாரும் போடுவார்கள். மேலே வாய் குறுகிய மூடி வேண்டும்.

வரைபடத்துக்கும் ஒரு பெரிய குறை உண்டு: அதற்குச் சட்ட வலு கிடையாது. அதனால் கேள்வித்தாளும் வரைபடமும் சபைக்கு மூன்று வாரம் முன்னால், சபை கடைசியில் என்பதே எங்கள் வரிசை. தீர்மானத்தில் 'குடிநீர் வசதி மேம்படுத்தல்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தத் தெரு, எத்தனை மீட்டர் குழாய், எந்த நிதி என்று இருக்க வேண்டும். 2021-26 காலத்துக்கான 15-வது மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. நூலகமோ விளையாட்டுத் திடலோ மீதி 40-க்குள் போட்டி போட வேண்டியிருந்தது. எந்த நிதியில் எவ்வளவு எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதை வரைபடம் போடும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இருட்டுவதற்குள், ஆடு மிதிப்பதற்குள், மாடியிலிருந்து படத்தைப் போட்டோ எடுத்து, அன்றே சார்ட் தாளில் ஏற்றிவிட வேண்டும். ஒரு நகல் மகளிர் குழுவிடம் இருக்கட்டும். ஊராட்சிச் செயலர் மாறினால் அலுவலக நகல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.