ராத்திரி செத்து மத்தியானம் பொழைக்கிற யூஎஸ்பி சாக்கெட்

கீழக்கரை தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டான், "காக்கா, பாம்பன் ஐஸ் கம்பெனில மாட்டிருக்கீங்கள்ல அந்த குட்டி கம்ப்யூட்டர் போர்டு, இப்ப வெல எறங்கிருக்கு, வாங்கவா"ன்டு. வாட்ஸாப்ல ரெண்டு வரில சொல்லிரலாம்ன்டுதான் ஆரம்பிச்சேன், ஆனா ரெண்டு வரில அடங்குற கோவம் இல்ல இது. போர்டு பேரச் சொல்லப் போறதில்ல, வச்சிருக்கவங்களுக்கு படிச்சாலே தெரிஞ்சிரும். பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, அதெல்லாம் டப்பாலயே போட்டிருக்கு, விடுங்க.

மாட்டுனது 2023 ஜனவரி. பழைய பாலத்துல ரயில நிறுத்துன அடுத்த மாசம், அதான் ஞாபகம் இருக்கு. 1914ல தொறந்த இரும்புப் பாலத்தையே அரிச்ச காத்து, உன் போர்டு எம்மாத்திரம்ன்டு முதலாளி அன்னைக்கே சிரிச்சாரு. வேலை பெருசா ஒண்ணும் இல்ல, பிரைன் டேங்க், அதான் ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணித் தொட்டி, மைனஸ் 8, 9 டிகிரில நிக்குதான்டு பாக்கணும், ஏறுச்சுன்னா அவருக்கு மெசேஜ் போகணும். ஒரு யூஎஸ்பி சாக்கெட்ல நெட்டுக்கு 4ஜி டாங்கிள், இன்னொண்ணுல டேங்க் சென்சார போர்டோட சேக்குற கன்வெர்ட்டர்.

மொதல்ல நல்லதச் சொல்லிர்றேன், இல்லன்னா மறந்துருவேன். இதுக்கு முன்னாடி வச்சிருந்த போர்டுல யூஎஸ்பிக்குப் போற 5 வோல்ட்டு மெயின் 5 வோல்ட்லேர்ந்து ஒரு பாலிஃப்யூஸ், அதான் ஆறுனா தானா திரும்ப சேர்ற ஃப்யூஸ், வழியா நேரா போகும். ஷார்ட் ஆனா பாலிஃப்யூஸ் சூடாகித்தான் அறுக்கும், அது சூடாகுறதுக்குள்ள 5 வோல்ட் படுத்துரும், பிராசசர் ரீசெட் ஆகும், ரெண்டு தடவ எஸ்டி கார்டே போச்சு. இந்த போர்டுல ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியா பவர் ஸ்விட்ச் ஐசி. யூஎஸ்பி 2.0ல ஒரு டிவைஸ் 500 மில்லிஆம்ப் வரைக்கும்தான் கேக்கலாம், ஐசி அதுக்குக் கொஞ்சம் மேல போனதும் கரன்ட்ட மடக்கிப் புடிச்சிரும், அதோட ஃபால்ட் பின்ன, அதான் கோளாறு சொல்ற கால, வோல்ட் எறக்கி லோவாக்கி பிராசசர்கிட்ட "இங்க ஓவர்கரன்ட், கரன்ட் அளவு மீறுது"ன்டு சொல்லும், போர்டுல ஓடுற லினக்ஸ் அத லாக்ல, அதான் நடந்தத எழுதி வைக்கிற ஃபைல்ல, எழுதும்.

ஒரு நாள் கம்ப்ரஸர் பாக்குற பையன் கன்வெர்ட்டரப் புடுங்கிட்டு அவன் போன சார்ஜ் போட்டிருக்கான், கேபிள் முனைல பச்சை பூத்து உள்ளயே ஷார்ட்டு. பழைய போர்டா இருந்தா அன்னைக்கு அதுக்கு சங்குதான். இதுல அந்த ஒரு சாக்கெட் மட்டும் செத்துச்சு, பக்கத்துல டாங்கிள் அசையவே இல்ல, "சென்சார் காணோம்"ன்டு முதலாளிக்கு மெசேஜே போயிருக்கு. லாக்கப் படிச்சப்ப அந்த டிசைன் பண்ணவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கலாம் போல இருந்துச்சு.

அதே ஆளத்தான் ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன், டீ குடுக்க இல்ல.

டாங்கிள் சாக்கெட் நடு ராத்திரி 2 மணி, 3 மணிக்கு செத்துரும். லாக்ல ஓவர்கரன்ட். லினக்ஸ் ஒரு தடவ திரும்ப பவர் போட்டுப் பாக்கும், ஃபால்ட் பின் லோவாவே கெடந்தா கைய விரிச்சிரும். மத்தியானம் 11 மணிக்கு மேல தானா பொழைச்சுக்கும், யாரும் தொடவே வேணாம். மொதல்ல டாங்கிள் மேலதான் சந்தேகம். தனுஷ்கோடிப் பக்கம் போனா போன்ல ஸ்ரீலங்கா டவர் வருதுல்ல, அந்த மாதிரி இங்கயும் ராத்திரில சிக்னல் தள்ளாடுது போல, சிக்னல் கொறைஞ்சா டாங்கிள் பவரக் கூட்டிக் கத்தும், கரன்ட் ஏறும், அதான் காரணம்ன்டு நானே முடிவு பண்ணி புது டாங்கிள் வாங்குனேன், அப்புறம் தனி அடாப்டரோட ஒரு ஹப் வாங்குனேன். காசுதான் போச்சு. கடைசில ஒரு நாள் வெறுத்துப்போய் எல்லாத்தையும் கழட்டி சாக்கெட்ட காலியா விட்டுட்டு வந்துட்டேன், மறுநாள் பாத்தா காலி சாக்கெட்டுக்கு ராத்திரி 3 மணிக்கு ஓவர்கரன்ட்ன்டு எழுதி வச்சிருக்கு. ஒண்ணுமே சொருகாத சாக்கெட்டு எந்தக் கரன்ட்ட இழுத்துச்சு?

மீன்பிடி தடைக்காலம் வந்துச்சு, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனியும் தூங்கும். விடியக்காலை 5 மணிக்கு பொட்டியத் தொறந்து மீட்டர வச்சேன். ஃபால்ட் பின்ல 3.3 வோல்ட் இருக்கணும், இருந்தது 0.76. ஐசிய லென்ஸ் வச்சுப் பாத்தா காலுக்கு நடுவுல வெள்ளையா மெல்லிசா ஒரு படலம், விரல்ல தொட்டா பிசுபிசுங்குது. உப்பு. காத்துல ஈரம் 75 சதவீதத்தத் தாண்டுனா உப்பு தண்ணிய இழுத்து நனைஞ்சிரும், அப்ப அது கரன்ட்டக் கடத்தும், வெயில் ஏறுனா காஞ்சிரும். ராத்திரி சாவும் மத்தியானம் உயிரும் இதான். இன்னொரு சாக்கெட்டுக்கு ஏன் வரலன்னா, ஆன்டெனா வயருக்கு நான் போட்ட ஓட்டை இந்தப் பக்கம், கடக்காத்து நேரா உள்ள வருது. அது என் தப்பு, ஒத்துக்கிறேன்.

ஆனா மிச்சம் என் தப்பு இல்ல. ஃபால்ட் பின் ஓப்பன் டிரெயின், அதால கீழ இழுக்கத்தான் முடியும், மேல தூக்கி நிறுத்த ஒரு புல்அப் ரெசிஸ்டர் வேணும். இவங்க பிராசசர் உள்ளுக்குள்ள இருக்குற 100 கிலோஓம் புல்அப்ப நம்பி விட்டுட்டாங்க. 100கே-க்கு எதிரா 30, 40கே அளவுக்கு ஒரு உப்புப் படலம் போதும், பின் லோவாயிரும், பிராசசர் ஷார்ட்டுன்டு நம்பிரும். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா போர்டுல அந்த ரெசிஸ்டருக்கு எடம் விட்டிருக்கு! சால்டர் வைக்கிற ரெண்டு பேடு பளபளன்டு காலியாக் கெடக்கு, சர்க்யூட் படத்துல பக்கத்துலயே "போட வேணாம்"ன்டு எழுதி வச்சிருக்கு. பத்து பைசா ரெசிஸ்டரு. அத மிச்சம் பிடிச்சு யாரு வீடு கட்டுனா?

ஒருத்தர் சொன்னாரு, டிவைஸ் ட்ரீல, அதான் போர்டுல என்னென்ன இருக்குன்டு லினக்ஸுக்குச் சொல்ற ஃபைல்ல, ஓவர்கரன்ட்டயே டிஸேபிள் பண்ணிருங்கன்டு. ஒரு வரிதான், பண்ணா லாக் சுத்தமாயிரும், நெசம். ஆனா அப்புறம் நெசமாவே ஷார்ட் ஆனா ஐசி சூடாகி ஆஃப் ஆகும், ஆறுனதும் ஆன் ஆகும், திரும்ப சூடாகும், விடிய விடிய இதே கூத்து, பிராசசருக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தப் பையன் போன் சார்ஜ் போட்ட அன்னைக்கு மெசேஜ் போனதே அந்த ஒரு பின்னாலதான, அத எப்படி அடைக்கிறது.

உள்ள இருக்குற புல்அப்ப 22கே-க்கு மாத்திப் பாத்தேன், ஒரு வாடைக்காலம் தாங்குச்சு. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிருச்சு. போன மாசம் ஐபிஏ, அதான் போர்டு கழுவுற ஆல்கஹால், ஊத்தி பிரஷ்ல கழுவி, அந்தக் காலிப் பேடுல 4.7கே வச்சு சால்டர் பண்ணி, மேல கோட்டிங் அடிச்சு, ஓட்டைய எம்சீல் வச்சு அடைச்சிட்டேன். இப்ப உப்பு 2கே-க்குக் கீழ வந்தாத்தான் ஏமாத்த முடியும். இதுவரைக்கும் லாக்ல ஒரு வரி இல்ல.

அப்ப வாங்கலாமான்னா, வாங்காத தம்பி. வெல எறங்குனாலும் வாங்காத, நேத்து புது ரிவிஷனோட சர்க்யூட் படத்த எறக்கிப் பாத்தேன், அந்தப் பேடு இன்னமும் காலிதான். சரி காக்கா, அப்ப உங்க போர்டக் குடுங்கன்டு கேக்காத, அது தர்றதா இல்ல. பாலிஃப்யூஸ் போர்டு ஒண்ணு பரண்ல கெடக்கு, வேணும்னா அத எடுத்துட்டுப் போ, எஸ்டி கார்டு மட்டும் நாலஞ்சு சேத்து வாங்கிக்க.