கீசர் கத்தினால் கழுவுவதா, மாற்றுவதா?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை தண்டையார்பேட்டையிலிருந்து அம்மா போன் செய்தார். "பாத்ரூம்ல யாரோ பொரி வறுக்கிற மாதிரி சத்தம் கேக்குதும்மா. கீசர் வெடிச்சிடுமோ?" அவருக்கு மூட்டுவலி. வெந்நீர் இல்லாமல் காலையில் கை கால் மடங்காது. பயத்தில் இரண்டு நாளாக கீசரைப் போடாமல், அடுப்பில் தண்ணீர் காய வைத்து வாளியில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அன்றே போய்ச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். 15 லிட்டர் டேங்க் கீசர், வாங்கி ஏழு வருடம். ஐந்தாறு நிமிடத்தில் உள்ளே படபடவெனப் பொரிய ஆரம்பித்து, பிறகு டொப் டொப்பென்று இடித்தது. சுவிட்சை அணைத்ததும் அடங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்ஸ்டன்ட் கீசர் வாங்கச் சொன்னார். ஹார்டுவேர் கடையில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மாட்டச் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் தம்பியோ கழுவினால் போதும் என்றார். மூன்றையும் அலசிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சூடேறும்போது மட்டும் பொரிந்தால் அது உப்புப் படிவு. குழாயை மூடிய நொடியில் சுவருக்குள் ஒரே ஒரு 'டம்' கேட்டால் கீசரைக் குறை சொல்லக் கூடாது. ஓடுகிற தண்ணீர் சட்டென நின்று பைப்பில் மோதுகிறது. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது அதிகம். பைப்பை கிளாம்ப் போட்டு இறுக்கி, குழாயை மெதுவாக மூடினாலே பெரும்பாலும் குறையும். மாடி டேங்க் காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு குழாய் சீறித் துப்பினால் அது காற்று. கொஞ்ச நேரம் திறந்து விட்டால் போய்விடும்.

தண்ணீரைச் சூடாக்கும் காய்ல் மேல் கெட்டியாகப் படிந்த உப்புக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. வெளியே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அங்கே கொதித்து ஆவிக் குமிழி ஆகிறது. அந்தக் குமிழி வெளியே வந்து, சூடு குறைந்த தண்ணீர் பட்டதும் நொறுங்குகிறது. அந்த நொறுங்கல்தான் நமக்குக் கேட்கும் 'டொப்'. கேட்பதற்குத்தான் பயம், உடனே வெடிக்காது. ஆனால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காய்லிலேயே தங்குவதால் காய்ல் சீக்கிரம் எரிந்துபோகும்.

வடசென்னையில் இது இவ்வளவு அதிகம் வரக் காரணம் தண்ணீர். எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ வாட்டர் புழல் ஏரி போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு 2010-இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத் தண்ணீரும் வடசென்னைக்கு வந்திருக்கிறது. இன்னொன்று போர் தண்ணீர். கரையோரம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதால் அது உப்பும் கடினமுமாக (கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக) இருக்கிறது. கொளத்தூர் வண்ணமீன் கடையில் மீன் தொட்டிக்கு விற்கும் கடினத்தன்மை சோதனை மருந்தை வாங்கிவந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600. அம்மா வீட்டு மெட்ரோ தண்ணீர் 200-க்குள் நின்றது. போர் தண்ணீர் 600-ஐத் தாண்டியும் நிறம் மாறவில்லை. கீசருக்குப் போவது இந்தப் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. கரைந்திருக்கும் எல்லா உப்பையும் அது சேர்த்துச் சொல்லும்; கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

இப்போது இன்ஸ்டன்ட் கீசர். 3 லிட்டர், 3000 வாட். ஓரிரு நிமிடத்தில் சூடாகும், இடமும் அடைக்காது. ஆனால் அது இழுக்கும் கரண்ட் 13 ஆம்பியர். 15 லிட்டர் கீசர் 2000 வாட், 9 ஆம்பியருக்குள். பழைய வீட்டு வயரிங்கில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தனி வயரும் இல்லாமல் மாட்டவே கூடாது. அதைவிட முக்கியம், அதே போர் தண்ணீர்தான் அதற்குள்ளும் போகும். சின்ன டேங்க், பெரிய சூடு; உப்பு படிய இன்னும் வசதி. புதுசாக இருக்கும்வரை சத்தம் இருக்காது, அவ்வளவுதான்.

சாஃப்ட்னர் நல்ல பொருள், மறுக்கவில்லை. கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், படிவு வராது. ஆனால் கடல் உப்பை அது எடுக்காது. கரையோரத் தண்ணீர் டேங்கை அரிப்பது தொடரும். கல்லுப்பு போட்டு அடிக்கடி கழுவிவிட ஆளும் வேண்டும். தனியாக இருக்கும் அம்மாவால் அது முடியாது. முழு அபார்ட்மென்டும் சேர்ந்து போட்டால் சரி. ஒரு பாத்ரூமுக்காக என்றால் வேண்டாம். படிவைத் தடுக்கும் என்று சொல்லிப் பைப்பின் மேல் கட்டும் காந்தக் கருவி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வாங்கவில்லை.

ஆகக் கழுவத்தான் தீர்மானித்தோம். எலக்ட்ரீஷியன் தம்பி முதலில் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி.யை இறக்கினார். உள்ளே வரும் வால்வை மூடி, தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் மூடியின் நட்டுகளைக் கழற்றினார். வாளிக்குள் களகளவென்று கொட்டியது. கை விட்டு அள்ளினேன். உடைந்த சிப்பி போல, மஞ்சளும் வெள்ளையுமாக, விரலில் கீறுகிற அளவு கெட்டி. காய்ல் சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் மாதிரி பருத்திருந்தது.

"அக்கா, இத்த கழுவி எத்தினி வருஷம் ஆச்சு?"

"வாங்கினதிலிருந்து திறந்ததே இல்லப்பா."

"அப்ப கத்தாம இன்னா பண்ணும்?"

படிவைக் கரைக்க சிட்ரிக் ஆசிட்; கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். வெந்நீரில் கரைத்துக் காய்லை ஊற வைத்தோம். நுரைத்து நுரைத்துப் படிவு கழன்றது. பாத்ரூம் கழுவும் ஆசிடை மட்டும் ஊற்றவே கூடாது. உலோகத்தைத் தின்றுவிடும், புகையும் நெஞ்சைப் பிடிக்கும். டேங்க் அரிக்காமல் தான் கரைந்து காப்பாற்றும் மெக்னீசியம் கம்பி வெறும் கம்பியாக மெலிந்திருந்தது. அதை மாற்றினோம், ரப்பர் வாஷரையும் மாற்றினோம். டேங்க் நிரம்பிக் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போட்டார். காலி டேங்கில் போட்டால் காய்ல் அப்போதே போய்விடும்.

சூட்டை 75 டிகிரியிலிருந்து 55-க்கு இறக்கி வைத்தார். சூடு ஏற ஏறப் படிவும் வேகமாக வரும். அதற்காக 40-க்கும் கீழே இறக்கி நாள்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தேக்கத் தண்ணீரில் கிருமி வளரும். அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று எம்சீல் வைத்து அடைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீசர் நிஜமாகவே வெடிக்க வழி செய்வது அதுதான்.

டேங்கே ஓட்டை விழுந்து ஒழுகினால் கழுவிப் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அம்மாவுடையது ஒழுகவில்லை. பிறகு மாடியில் 200 லிட்டர் சின்ன டேங்க் ஒன்று வைத்து, மெட்ரோ தண்ணீரை அதில் ஏற்றி, கீசருக்கு மட்டும் அதிலிருந்து லைன் கொடுத்தோம். இரண்டு தண்ணீரும் வருகிற வீட்டுக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். இந்தக் கார்த்திகையில் மறுபடி திறந்தோம். வாளி அடியில் ஒரு பிடி மணல் போலத்தான் விழுந்தது. அம்மா இப்போது ஐந்தரைக்கெல்லாம் பயமில்லாமல் சுவிட்சைப் போடுகிறார்.