கல்யாண ஃபுட்டேஜும் ஹார்ட் டிஸ்க்கும்: பத்து வருஷப் பயன்பாட்டில் பார்த்தது

திருநெல்வேலியில் கல்யாண ஃபோட்டோ, வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்க்கிறேன். மண்டபத்தில் எடுத்ததெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். அதைப் பத்திரமாக வைத்திருப்பதும் என் பொறுப்பு. இன்றைக்கு உலகத்திலேயே ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பத்து வருஷத்துக்கு மேலாக மூன்று கம்பெனி டிஸ்க்குகளையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன்.

புதிதாக ஸ்டூடியோ வைக்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி, எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று. மூன்றில் எதை வாங்கினாலும் சரி. பெரிய டிஸ்க் ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் சின்னதாக இரண்டு வாங்குங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான், ஆனால் காரணம் தெரியாமல் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க கிளவுட் நிறுவனம் 2013 முதல் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கை வெளிப்படையாகக் கொடுத்துவருகிறது. 2023-இல் அவர்களிடம் செயலிழந்தவை சுமார் 1.4 சதவீதம். நூறில் ஒன்றரைகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஸ்டூடியோவில் பத்து டிஸ்க் இருந்து, எட்டு வருஷம் ஓடினால், அதே விகிதத்தில் ஒன்று போயே தீரும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அங்கே டிஸ்க்குகள் ஏ.சி. அறையில், அசையாமல், நின்றுபோகாத மின்சாரத்தில் ஓடுகின்றன. நம்முடையவை பைக் டேங்க் கவரில் மண்டபத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் அலைகின்றன.

எங்களிடம் போன டிஸ்க் 2 டி.பி. போர்ட்டபிள் ஒன்று. அது எப்படிப் போனது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அறிகுறிகள் எல்லா டிஸ்க்கிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். ஒரு வரவேற்பு கிளிப்பை காப்பி செய்துகொண்டிருந்தேன். நொடிக்கு நூறு எம்.பி. வந்துகொண்டிருந்தது திடீரென ஒன்று, இரண்டு என்று இறங்கி, பூஜ்யத்தில் நின்று, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. இந்த மாதிரி மூச்சு வாங்கினால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். பாதி நேரம் குற்றம் கேபிளில்தான். மாற்றினேன், மறுபடியும் அதே கதை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் மஞ்சள் நிறம், அதாவது எச்சரிக்கை. சி5 என்ற வரிசையில் ஒரு எண் ஏறியிருந்தது. படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்களின், அதாவது டேட்டா இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்களின், எண்ணிக்கை அது. (அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். செட்டிங்கில் பத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 10 என்று இருப்பது உண்மையில் 16.) சாயங்காலம் பார்த்தபோது அது இன்னும் கூடியிருந்தது. அந்த வாரத்திலேயே சத்தம் வர ஆரம்பித்தது: டக்... டக்... சிறு இடைவெளி, மறுபடி டக். உள்ளே சுழலும் தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பி வந்து, மறுபடி முயற்சி செய்யும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று நினைக்கவே கூடாது. ஒவ்வொரு முயற்சியிலும் தட்டு சுரண்டப்படலாம், அப்புறம் ரெக்கவரி செய்கிறவராலும் எடுக்க முடியாது.

அதில் இருந்த எல்லாமே வேறு இரண்டு இடங்களில் இருந்ததால் ரெக்கவரி பக்கமே நாங்கள் போகவில்லை. வாரன்டியில் வேறு டிஸ்க் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அதில் பிரயோஜனமும் இல்லை. அதே கம்பெனியின் இன்னொரு டிஸ்க், அதைவிடப் பழசு, இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

சி5 மாதிரி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்களுக்கு ஸ்மார்ட் என்று பெயர். சரி, மாதம் ஒருமுறை இந்த ஸ்மார்ட் எண்களைப் பார்த்துக்கொண்டால் போதுமா? போதாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். டிஸ்க் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது காணும் பிழைக்கு ஸ்கேன் பிழை என்று பெயர். முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றார்கள். அதனால் எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே நம்புங்கள். ஆனால் செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் எந்த ஸ்மார்ட் பிழையும் காட்டாமலேயே போயின என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மென்பொருள் காட்டினாலும் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

போர்ட்டபிள் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சில மாடல்களில் யு.எஸ்.பி. பின் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கவரைக் கழற்றி உள்ளே இருப்பதை நேராக கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்ற வழி அதில் கிடையாது. மேசையில் வைக்கும் பெரிய டிஸ்க்கில் ஆபத்து வேறு மாதிரி. அதற்குத் தனி அடாப்டர், 12 வோல்ட். லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். சில சமயம் ஒன்றின் பின் மற்றொன்றில் கச்சிதமாகப் போய் உட்காரும், உட்கார்ந்த நொடியில் போர்டு கருகிவிடும். நாங்கள் எல்லா அடாப்டரிலும் டிஸ்க்கின் பெயரை எழுதி டேப் ஒட்டியிருக்கிறோம்.

காப்பி எடுக்கும் முறைதான் எனக்கு டிஸ்க்கைவிட முக்கியமாகப் படுகிறது. மூன்று கேமராவில் 4கே எடுத்தால், முகூர்த்தமும் வரவேற்பும் சேர்ந்து 500 ஜி.பி.யைத் தொடுவது சாதாரணம். தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்லி எடுக்க முடியாது. அதனால் மெமரி கார்டிலிருந்து கட்-பேஸ்ட் எங்கள் ஸ்டூடியோவில் அறவே கிடையாது. டெராகாப்பி என்ற காப்பி மென்பொருளில், காப்பியும் அசலும் ஒன்றா என்று சரிபார்க்கும் வெரிஃபை போட்டு, இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் பச்சை டிக் வந்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வோம். அதுவரை அந்தக் கார்டு பௌச்சில் தலைகீழாகச் செருகியிருக்கும். தலைகீழாக இருக்கும் கார்டை யாரும் கேமராவில் போடக் கூடாது. வெரிஃபை போட்டால் நேரம் இரட்டிப்பாகும், பையன்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் காப்பி ஆன ஃபைல் திறக்காது என்பது நான்கு மாதம் கழித்து, ஆல்பம் வேலையின்போது தெரிந்து என்ன பயன்?

மூன்றாவது காப்பி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்று முதலாளி ஆரம்பத்திலிருந்தே சொல்லி, மதுரையில் அவர் தங்கச்சி வீட்டில் ஒரு செட் வைத்திருந்தார். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீர். நாங்கள் மாடியில் இருந்ததால் தப்பித்தோம். தெரிந்த ஒருவருடைய ஸ்டூடியோ தரைத்தளத்தில். கம்ப்யூட்டரும், பேக்கப் டிஸ்க்குகளும், நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும், இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியும் ஒரே அறையில் இருந்தன, எல்லாம் ஒன்றாக மூழ்கின. அந்தப் பெட்டியில் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு போட்டிருந்தார். ஒரு டிஸ்க் போனால் அது காப்பாற்றும். அறையே போனால் அது என்ன செய்யும்?

அவர் டிஸ்க்குகளைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மாட்டிப் பார்த்தார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு சின்ன துளை உண்டு, அதன் வழியாக சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காய்ந்தால் சேறு தட்டில் படியும், அதன் மேல் ஹெட் ஓடினால் எல்லாம் முடிந்தது. கரண்ட் கொடுக்காமல், ஈரத்தோடேயே கவரில் கட்டி ரெக்கவரிக்கு அனுப்புவதுதான் முறை.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் எஸ்.எஸ்.டி. பற்றிக் கேட்பார்கள். எடிட்டிங்குக்கு அருமை, அது இல்லாமல் நான் வேலை பார்ப்பதில்லை. வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். எழுதும் ஆயுள் முடிந்த சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் டேட்டாவைப் பிடித்திருந்தால் போதும் என்பதுதான் சிப் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்கு. புதிது இன்னும் நீண்ட காலம் தாங்கும், ஆனால் நம் ஊர் மே மாத பீரோ 30 டிகிரியில் இருக்காது. கிளவுடில் முடித்த படமும் ஆல்பம் ஃபோட்டோக்களும் மட்டும் ஏற்றுகிறோம். நொடிக்கு 50 மெகாபிட் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 500 ஜி.பி. ஏற 22 மணி நேரம் ஆகும், மாசி, வைகாசி முகூர்த்தங்களில் அதற்கு வழியில்லை.

வாடிக்கையாளரிடம் கொடுத்த பிறகும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். "அண்ணாச்சி, தங்கச்சி கல்யாண பென் டிரைவ் ஓட மாட்டேங்கு, ஒங்ககிட்ட இருக்குமா?" என்று போன் வராத மாதம் இல்லை. இருக்கு, வாங்க என்று சொல்ல முடிவதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் தனி. பீரோவில் இருக்கும் டிஸ்க்குகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டி முழுசாகப் படிக்கவைக்கிறேன், எங்கேயாவது நடுவிலிருந்து ஒரு கிளிப்பை ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்து வருஷம் ஆன டிஸ்க் நன்றாக இருந்தாலும் புதியதற்கு மாற்றிவிடுவோம். புதியது வந்தால் முதலில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் போட்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பார்ப்பேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி. என்று ஆன்லைனில் வருபவை பெரும்பாலும் உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துப் பொய்க் கணக்குக் காட்டுகிறவைதான்.

கடைசியாக, டிஸ்க் வாரன்டிக்குப் போகும்போது அடுத்தவர் வீட்டுப் பெண்களின் படங்களும் அதோடு போகின்றன. செத்த டிஸ்க்கை அழித்துவிட்டு அனுப்ப முடியாது. அதனால் வாங்கிய அன்றே, கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டுவிடுகிறோம். அதன் ரெக்கவரி கீயைப் பிரிண்ட் எடுத்து ஒன்று முதலாளி வீட்டிலும், ஒன்று மதுரை வீட்டில், அங்கே இருக்கும் செட்டோடு சேர்க்காமல் வேறு பீரோவிலும் வைத்திருக்கிறோம்.